அம்பிராகிஸுக்கு 500 திராக்மா

அரிஸ்டாட்டில் எழுதிவைத்த உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து, தத்துவஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயெர்ட்டியஸ் அதைத் தன் நூலில் சேர்த்துவைத்தார். அரசியல், அறவியல், கவிதையியல், விலங்கியல் என்று எல்லாவற்றுக்கும் இலக்கணம் சொன்ன மனிதர், கி.மு. 322-இல் கால்சிஸ் ஊரில் கண்மூடுவதற்கு முன் தன் வீட்டுக் கணக்கை முடித்துவைக்கும் ஆவணம் அது. தன்னோடு வாழ்ந்த ஹெர்ப்பில்லிஸ் எந்த வீட்டில் இருக்க விரும்புகிறாரோ அந்த வீட்டை அவருக்குத் தர வேண்டும் என்கிறார். முன்பே இறந்துபோன மனைவி பித்தியாஸின் எலும்புகளை, அவள் கேட்டுக்கொண்டபடியே, தன் கல்லறையில் சேர்த்து வைக்கச் சொல்கிறார். படிக்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது.

அதன் பிறகு அடிமைகளின் முறை வருகிறது. அம்பிராகிஸ் என்ற பெண்ணுக்கு விடுதலை தர வேண்டும். தன் மகளுக்குத் திருமணம் ஆகும்போது அம்பிராகிஸுக்கு 500 திராக்மாவும், இப்போது அவளிடம் இருக்கும் பணிப்பெண்ணும் கொடுக்கப்பட வேண்டும். ஒரு திராக்மா என்பது கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதென்ஸில் கைத்தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலி. ஆக, 500 என்பது சின்னத் தொகை அல்ல. தனக்குப் பணிவிடை செய்த பிள்ளைகள் யாரையும் விற்கக் கூடாது என்றும், அவர்கள் உரிய வயதை அடைந்ததும், தகுதி இருந்தால், விடுதலை செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பண்டைய கிரேக்கம் பாடத்திட்டத்தில் உண்டு. பாரசீகப் போர், பெரிக்ளிஸ் காலம், பெலபொனீசியப் போர், அலெக்சாண்டர் என்று வழக்கமான தடத்தில் போகும் பாடம். சலிப்பைப் போக்க இந்த உயிலைத் தமிழில் சொல்லிக்காட்டுவேன். போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், அம்பிராகிஸோட வேலைக்காரிக்கு என்ன கிடைச்சுது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருஷமாக அந்த உயிலைச் சொல்கிறேன். விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணிடமே ஒரு அடிமைப் பெண் இருந்தாள் என்பதும், அவள் பணத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டாள் என்பதும், உயிலில் அவளுக்குப் பெயரே இல்லை என்பதும் என் கண்ணில் படவே இல்லை. கேட்ட மாணவியின் அம்மா தி.நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளும் மாலையில் ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கும் ஊரில், ஓய்வைப் பற்றிக் கிரேக்கர்கள் சொன்னதை நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கிரேக்கத்தில் ஓய்வுக்கு 'ஸ்கோலே' என்று பெயர். இன்று நாம் வாய் நிறையச் சொல்லும் ஸ்கூல் அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். சோம்பலாகப் படுத்துக்கிடப்பதற்கு அவர்கள் ஓய்வு என்று சொல்லவில்லை. பிழைப்புக்கான வேலையிலிருந்து விடுபட்டு, பேசவும் வாதாடவும் நகரத்தின் காரியங்களில் பங்கேற்கவும் கிடைக்கும் நேரமே ஓய்வு. அது இல்லாதவரால் நல்ல குடிமகனாக இருக்க முடியாது என்றே அரிஸ்டாட்டில் கருதினார். அவர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். அடிமை என்பது உயிருள்ள கருவி. நெசவு நாடா தானாகவே ஓடி நெய்துவிடுமானால் எஜமானர்களுக்கு அடிமைகளே தேவைப்பட மாட்டார்கள். இந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் காலத்துச் சிந்தனையாளர்கள் யாரும் தங்கள் நாடாவை யார் ஓட்டுகிறார்கள் என்று எழுதிவைத்ததாக நினைவில்லை.

அந்த இரண்டு நூற்றாண்டுகளை மனித அறிவின் பொற்காலம் என்பார்கள். கி.மு. 508-இல் கிளெய்ஸ்தெனிஸ் செய்த சீர்திருத்தத்தில் ஆதென்ஸின் மக்களாட்சி தொடங்குகிறது. பினிக்ஸ் குன்றில் குடிமக்கள் கூடி நேரடியாக வாக்களிக்கிறார்கள். பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுக்கிறார்கள். இவற்றையெல்லாம்விட என்னை அசைத்தது வேறொன்று. நீதிமன்றத்தில் நடுவராக உட்காரும் குடிமகனுக்கு ஒரு நாளைக்கு 2 ஓபல் கொடுத்தார்கள், பிறகு 3 ஆக்கினார்கள். ஒரு திராக்மாவுக்கு 6 ஓபல். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மக்கள் சபைக்கு வருவதற்கும் கூலி உண்டு. ஏழைக்கு வாக்குரிமை மட்டும் இருந்தால் போதாது, வயலையும் பட்டறையையும் விட்டு வருவதற்கான நேரத்தையும் நகரமே விலைகொடுத்து வாங்கித்தர வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நேரம்தான் சுதந்திரத்தின் கச்சாப்பொருள் என்பதை இத்தனை துல்லியமாகக் கண்டுகொண்டவர்கள், அந்தக் கணக்கில் பெண்களையும் அடிமைகளையும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்க்கவில்லை. தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

பெண்களின் கதை ஓரளவு தெரிந்ததுதான். கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாயும் தந்தையும் ஆதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வாக்களிக்க முடியாத பெண், குடிமகனைப் பெற்றுத்தரும் வழியாக மட்டும் திடீரென்று முக்கியமாகிவிட்டாள். அதே பெரிக்ளிஸ் பிறகு மிலிட்டஸ் நகரத்து அஸ்பாசியாவோடு வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்த மகன் அந்தச் சட்டப்படி குடிமகன் அல்ல. மற்ற இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் மாண்ட பிறகு, தன் சட்டத்துக்குத் தானே விலக்குக் கேட்டு நின்றார் பெரிக்ளிஸ். கொடுத்தார்கள். போரில் இறந்தவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற உரையில் அவர் விதவைகளுக்குச் சொன்ன அறிவுரை, ஆண்களின் வாயில் தங்கள் பேச்சு புகழாகவோ பழியாகவோ அடிபடாமல் இருப்பதே பெண்களுக்குப் பெருமை என்பது. மயிலாப்பூர் மாடவீதி வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணும் இதைப் பாட்டியின் வாயிலிருந்து கேட்டிருப்பாள். சாக்ரடீஸ் நாள் முழுக்கச் சந்தையில் நின்று பேசினார். மூன்று பிள்ளைகளோடு வீட்டில் இருந்த சாந்திப்பிக்கு உலகம் சண்டைக்காரி என்று பட்டம் கொடுத்தது. இதெல்லாம் நாம் எழுதி எழுதிப் பழகிய கோபம். எனக்கும் அந்தக் கோபம்தான் வசதியாக இருந்தது, அந்த மாணவி எழுந்து கேட்கும்வரை.

கிரேக்க நூல்களில் பெண் எங்கே என்று தேடுவதோடு, எந்தப் பெண் என்றும் தேட வேண்டியிருந்தது.

செனபோன் எழுதிய குடும்ப நிர்வாக நூலில் இஸ்கோமாக்கஸ் என்ற பணக்காரர் தன் மனைவியைப் பழக்கிய கதையைச் சாக்ரடீஸிடம் சொல்கிறார். மணமாகி வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. வீட்டு அடிமைகளில் யாருக்காவது நோய் வந்தால் அவர்களைக் கவனித்துக்கொள்வதும் உன் கடமை, இது உனக்குக் கசப்பாக இருக்கலாம் என்கிறார் கணவர். இல்லவே இல்லை, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலையாக இருக்கும், நன்றாகக் கவனித்தால் அவர்கள் நன்றியோடு முன்னைவிட விசுவாசமாக இருப்பார்கள் அல்லவா என்கிறாள் அந்தச் சிறுமி. இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் அடுக்ககத்தின் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே வாக்கியத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். 'அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நாங்கதான் பார்த்தோம், அப்படியும் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா.'

பெண்களே ஆட்சியைக் கைப்பற்றும் நாடகம் ஒன்றை அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 391-ஐ ஒட்டி எழுதினார். பிராக்ஸகோரா என்ற பெண், தோழிகளைத் திரட்டி, ஒட்டுத்தாடி வைத்து, கணவர்களின் உடையை மாட்டிக்கொண்டு, விடியும் முன் மக்கள் சபைக்குள் நுழைந்து பெரும்பான்மையாகிவிடுகிறாள். அதிகாரம் பெண்களிடம் வருகிறது. சொத்து எல்லோருக்கும் பொது, சாப்பாடு பொது, வழக்கில்லை, திருட்டில்லை. அப்போது கணவன் கேட்கிறான், நிலத்தை யார் உழுவார்கள் என்று. அடிமைகள் என்கிறாள் பிராக்ஸகோரா, ஒரு கணம்கூடத் தயங்காமல். நகைச்சுவை நாடகம், எழுதியவர் ஆண், பெண்களைக் கேலி செய்ய எழுதியது என்றெல்லாம் தள்ளிவிடலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப்போட்ட கற்பனைக்கும் இந்த ஒன்றை மட்டும் புரட்ட முடியவில்லை.

பிளேட்டோவும் அப்படித்தான். 'குடியர'சின் ஐந்தாம் நூலில் நாட்டைக் காக்கும் பணிக்குப் பெண்களும் தகுதியானவர்கள், கல்வியும் பயிற்சியும் ஒன்றாகவே இருக்கட்டும் என்கிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சு. அந்தப் பெண்கள் பிள்ளை பெற்றால் என்ன ஆகும்? இரவெல்லாம் கண்விழிப்பது முதலான தொல்லைகளைச் செவிலிகளும் பணியாட்களும் பார்த்துக்கொள்வார்கள். காவலர்களின் மனைவியருக்குத் தாய்மையை எவ்வளவு சுலபமாக்கிவிட்டீர்கள் என்கிறான் கூட இருப்பவன். அந்தச் செவிலிக்கும் பிள்ளை இருந்திருக்கும். அது எங்கே தூங்கியது என்று உரையாடலில் யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன்.

மந்தைவெளியில் என் சமையலறை ஜன்னலுக்கும் எழுதும் மேஜைக்கும் நடுவே ஒரு சுவர்தான். காலை ஆறே முக்காலுக்கு அக்கா வருவார். பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி. ஒன்றரை மணி நேரம். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் 39 மணி. பதினோரு ஆண்டில் 5,000 மணிக்கு மேல். என் முனைவர் பட்ட ஆய்வை அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எழுதி முடித்தேன். இந்தத் தொகுப்பில் எழுதும் மற்றவர்களின் வீட்டிலும் இப்படி ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றே நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கட்டும். ஆய்வின் நன்றியுரையில் என் வழிகாட்டி, நூலகர்கள், பெற்றோர், கணவர் எல்லோரும் இருக்கிறார்கள். அக்கா இல்லை. அரிஸ்டாட்டில் அம்பிராகிஸின் பெயரையாவது எழுதினார்.

கணவர் பெயர் எதற்கு வந்தது என்றும் யோசிக்கிறேன். மணமான முதல் ஆண்டு யார் பாத்திரம் கழுவுவது என்று எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. அக்கா வந்தார், சண்டை நின்றது. எங்கள் வீட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்று நான் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். வந்தது சமத்துவம் அல்ல. நான் அவரிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய உழைப்பை இன்னொரு பெண்ணிடம் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து வந்து பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

அக்காவின் வீடு முன்பு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது, நடந்து வரும் தூரம். இப்போது கண்ணகி நகர். அடையாறு, கூவம், கால்வாய் ஓரங்களில் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தது 2022-இல். வீடுகள் போயின, வேலைகள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி.நகரிலுமே இருந்தன. ஆக, அக்காவின் நாள் விடியற்காலை நான்கரைக்குத் தொடங்குகிறது. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது உண்மையிலேயே பெரிய காரியம், மாதம் எவ்வளவு மிச்சம் என்று அக்கா விரல்விட்டுச் சொல்வார். ஆனால் காசை விட்டுக்கொடுத்த அரசால் அந்தப் பேருந்தில் போகும் இரண்டரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க முடியாது. என் ஒன்றரை மணி நேரத்தை உண்டாக்க அவர் தன் நாளிலிருந்து எவ்வளவு நேரத்தை வெட்டித் தருகிறார் என்ற கணக்கை நான் போட்டதே இல்லை.

இதைப் பேசினால் தோழிகள் உடனே சொல்வது, 'நாம நல்லாத்தானே வெச்சுக்கறோம்' என்பது. நல்லாத்தான் வைத்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், பொங்கலுக்குப் புடவை, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம். அரிஸ்டாட்டிலும் நல்லாத்தான் வைத்துக்கொண்டார். அந்த உயிலில் இருக்கும் அன்பு பொய்யில்லை. பொய்யில்லை என்பதுதான் சங்கடம். தகுதி இருந்தால் விடுதலை. தகுதியை முடிவு செய்பவர் கொடுப்பவரே. எத்தனை கொடுத்தாலும், கொடுக்கிறவரிடமே எல்லா முடிவும் இருக்கும் ஏற்பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நல்ல மனசு. அக்கா அடிமை அல்ல. சம்பளம் வாங்குகிறார், வேண்டாம் என்றால் நின்றுவிடலாம். அந்த வித்தியாசம் மிகப் பெரியது, அதை மழுப்பினால் உண்மையிலேயே விற்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் கிரேக்கர்கள் எந்த வயது அடிமையையும் 'பையா' என்ற பொருளில்தான் கூப்பிட்டார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஐம்பதைத் தொட்ட பெண்ணை இன்னும் 'அந்தப் பொண்ணு' என்கிறார்கள். லிஃப்ட் இரண்டு இருக்கிறது, அதில் ஒன்றில்தான் அவர்கள் ஏறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 2018-இல் குறைந்தபட்சக் கூலி அறிவித்தார்கள், மணிக்கு 40 ரூபாய்க்கும் குறைவு. வீட்டு வேலைக்கும் வார ஓய்வு வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசிடம் சொன்னது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது. ஒரு சொல்தான். அதற்குள் ஒரு நூற்றாண்டின் சண்டை இருக்கிறது.

அந்தச் சண்டையின் ஒரு முனை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் எல்லோரும் அதில் இருந்தார்கள். அதே டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னைக்கு வந்த மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்குத் தரும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. 1921-இல் சென்னை மாகாணம், மற்ற மாகாணங்களுக்கு முன்பாக, பெண் என்பதால் வாக்கு இல்லை என்ற தடையை நீக்கியது. இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். நம் ஊர் என்ற பெருமை. ஆனால் ஆண்களின் வாக்குரிமையே அப்போது சொத்தையும் வரியையும் பொறுத்துத்தான் இருந்தது. ஆண்களுக்குச் சமமாக என்று கேட்டபோது, சொத்துள்ள ஆண்களுக்குச் சமமாகச் சொத்துள்ள பெண்கள் என்றுதான் அது முடிந்தது. அடையாற்றுத் தோட்டங்களைக் கூட்டியவளும் மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் பத்துத் தேய்த்தவளும் வாக்குச் சாவடிக்குப் போக 1952 தேர்தல் வரவேண்டியிருந்தது. மார்கரெட் கசின்ஸும் தோழிகளும் செய்தது சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நான் கல்லூரிக்குள் வந்தேன். பிராக்ஸகோரா மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வந்துபோகிறாள்.

இதுவரை எழுதியதை ஒருநாள் திருப்பிப் படித்தேன். ஓய்வு இருந்தால்தான் சிந்தனை என்ற அரிஸ்டாட்டிலின் பேச்சை நானே முழுசாக நம்பிவிட்டேனோ என்று தோன்றியது. அப்படியானால் அக்கா சிந்திக்காதவரா?

ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் இந்தியாவில் புத்தர் பேசிக்கொண்டிருந்தார். பௌத்தப் பிக்குணிகளின் பாடல்கள் தேரிகாதை என்ற தொகுப்பாகப் பாலி மொழியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று புண்ணிகா என்ற பெண்ணுடையது. செல்வர் அனாதபிண்டிகரின் வீட்டில் பிறந்த அடிமை அவள் என்கிறது மரபு. வேலை, தண்ணீர் சுமப்பது. எஜமானிகளின் அடிக்குப் பயந்து குளிர்காலத்திலும் ஆற்றில் இறங்குபவள். அங்கே பாவம் போகக் குளிரில் நடுங்கிக்கொண்டு முழுகி எழும் ஒரு பிராமணரைப் பார்த்துக் கேட்கிறாள். எனக்காவது அடி விழும் என்ற பயம், உங்களுக்கு என்ன பயம்? தண்ணீர்தான் பாவத்தைக் கழுவும் என்றால் தவளையும் ஆமையும் நேரே சொர்க்கம் போகுமே? தண்ணீர் பாவத்தை அடித்துப்போனால் புண்ணியத்தையும் சேர்த்து அடித்துப்போகாதா? ஸ்கோலே இல்லாத தத்துவம். குடம் இடுப்பில் இருக்கும்போதே எழுந்த தர்க்கம். 2019 கோடையில் ஏரிகள் வற்றி மயிலாப்பூர்ச் சந்துகளில் கலர்க் குடங்கள் வரிசை கட்டி நின்றபோது, லாரி யார் தெருவுக்கு முதலில் வருகிறது, ஏன் வருகிறது என்று அந்த வரிசையில் நடந்த விவாதத்தை நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். நகராட்சி நிர்வாகம் பற்றி அதைவிடத் தெளிவான பேச்சை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

ஆனால் புண்ணிகாவின் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. எஜமானர் விடுவிக்காமல் அடிமை சங்கத்தில் சேர முடியாது என்பது பௌத்த விநயத்தின் விதி. அனாதபிண்டிகர் விடுவித்தார், அவள் பிக்குணியானாள், அவள் பாடல் நம்மை எட்டியது. அவர் விடுவிக்காத வீடுகளிலும் குடம் சுமந்தவர்கள் யோசித்திருப்பார்கள். சிந்தனைக்கு ஓய்வு தேவையில்லாமல் இருக்கலாம். சிந்தித்ததை எழுதிவைக்க, அடுத்தவர் காதில் போட, சபையில் நின்று சொல்ல நேரம் வேண்டும். கீழடி அருங்காட்சியகத்தில் பானையோடுகளில் கீறிய பெயர்களைப் பார்த்தேன். ஆதன், குவிரன் ஆதன். மாநிலத் தொல்லியல் துறை அந்த இடத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை கொண்டுபோகிறது, ஆதென்ஸுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல என்று பெருமைப்படலாம். நானும் பட்டேன். அங்கேயே நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. தக்களி சுழற்றிய விரல்களுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அக்காவிடம் உயில் கதையைச் சொன்னேன். பாத்திரத்தை அலசிக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம்தான் காசா?"

"ஆமாக்கா."

"அதுவரைக்கும் அந்த ஆளு பொண்ணுக்கும் சேத்து வேலை பாக்கணும். நல்ல கணக்கும்மா அது."

நான் இதையும் கவனித்திருக்கவில்லை. இந்தக் கட்டுரையில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "மூணாவது மாடி அம்மா படிச்சிட்டு, என்னா எங்களப் பத்திச் சொன்னேன்னு கேக்கும். உனக்கின்னா, நீ எழுதிட்டுப் போயிடுவ." பெயரில்லாமல் விடப்பட்டவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நானும் அவர் பெயரை எழுதாமல் விட வேண்டியதாகிவிட்டது. அரிஸ்டாட்டில் விட்டதும் நான் விடுவதும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அம்பிராகிஸின் பணிப்பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

சித்திரை பிறந்ததும் அக்கா ஒரு பேச்சை எடுத்தார். நாலு வீட்டிலும் ஒரே நாளில் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மாதம் 500 ரூபாய் ஏற்றித் தர வேண்டும். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, நின்றபடியே சொன்னார். நான் மேஜையில் பெரிக்ளிஸின் உரையைத் திறந்துவைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்த பதில், "பார்க்கலாம்க்கா."

தகுதி இருந்தால் என்பதை நாங்கள் தமிழில் இப்படித்தான் சொல்வோம்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. முடியும்னா சொல்லு, முடியாதுன்னா சொல்லு. வேற வூடு இருக்குது." அதில் கோபம் இல்லை. விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் குரல். எனக்குள் எழுந்தது என்னவென்று மறைக்காமல் எழுதுகிறேன். இவ்வளவு செய்தோமே என்ற ஆற்றாமைதான் முதலில் வந்தது. இஸ்கோமாக்கஸின் மனைவி எனக்குள் உயிரோடு இருந்தாள். பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்த முன்பணம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சரி என்றேன்.

எங்களையும் சேர்த்து இரண்டு வீடுகள் ஒப்புக்கொண்டன. ஒரு வீட்டில் ஞாயிறு மட்டும் சரி, 500 முடியாது என்றார்கள். மூன்றாவது மாடியில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் அக்கா தெற்கு மாடவீதியில் அதற்குப் பதில் ஒரு வீடு பிடித்துவிட்டார், அங்கேயும் ஞாயிறு கிடையாது என்று சொல்லியே சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறது. முதல் இரண்டு வாரம் நான் கழுவினேன். மூன்றாவது வாரம் கழுவவில்லை, கணவரும் கழுவவில்லை. திங்கட்கிழமை காலை அக்கா இரண்டு நாள் பாத்திரத்தைக் கழுவ வேண்டியதானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் சத்தமாகக் கழுவினார். பதினோரு வருஷத்துக்கு முன் நின்றுபோன சண்டை அன்று மாலை எங்கள் வீட்டில் மறுபடி தொடங்கியது. இன்னும் முடியவில்லை. சென்ற ஞாயிறு அவர் குக்கரைத் தவிர எல்லாவற்றையும் கழுவினார். குக்கர் ஏன் மிஞ்சியது என்று கேட்டதற்கு ஊறட்டும் என்றார்.

ஞாயிறுகளில் என்ன செய்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்க நினைத்தேன். சங்கக் கூட்டத்துக்குப் போகிறாரா, தூங்குகிறாரா, மகளோடு கடற்கரைக்குப் போகிறாரா? கேட்கவில்லை.